செல்லக்கிளி டீச்சரின் வட்டப் பத்திரிகை

செல்லக்கிளி டீச்சர் முப்பத்தோரு வருசமாகப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக்கொண்டிருக்கிறார். காலை பிரேயர் வரிசையைச் சொல்லவில்லை. அதற்கு ஒரு விசில் இருந்தால் போதும், எவரும் நிறுத்திவிடலாம். இவர் நிறுத்துவது சொற்களை. கோச்சடை வீட்டிலிருந்து ஸ்கூட்டியில் கிளம்பி, அலங்காநல்லூர் தாண்டி, கரும்பு லாரிகளுக்கு வழிவிட்டு வழிவிட்டு, சாத்தமுத்துப்பட்டி ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளிக்கு அவர் வந்து சேரும்போது, காலடியில் ஒரு கட்டைப்பை நிறைய அட்டைகள் இருக்கும். ஜவுளிக்கடையில் சட்டை வைத்துக் கொடுக்கிற பெட்டியைப் பிரித்து, வெட்டி, இரண்டு ஓட்டை போட்டு, சணல் கோத்த அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு சொல் எழுதியிருக்கும்.

அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்ட பிள்ளைதான் அந்தச் சொல். ஆடு, புல்லை, தின்றது என்று மூன்று பேர் முன்னால் வந்து நிற்பார்கள். டீச்சர் கை தட்டினால் இடம் மாற வேண்டும். மறுபடி தட்டினால் நின்ற இடத்தில் நின்று அவரவர் சொல்லைக் கத்த வேண்டும். ஆடு புல்லைத் தின்றது. ஒரு தட்டு. புல்லை ஆடு தின்றது. இன்னொரு தட்டு. தின்றது ஆடு புல்லை. எத்தனை தட்டு தட்டினாலும் தின்றது ஆடுதான், போனது புல்தான். பிறகு அதே பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் அட்டையை மாட்டுவார். 'தி கோட் ஏட் தி கிராஸ்.' ஒரு தட்டு. 'தி கிராஸ் ஏட் தி கோட்.' அம்புட்டுத்தான், வகுப்பே கூரையைப் பிய்த்துக்கொண்டு சிரிக்கும். "டீச்சர், புல்லு ஆட்டைத் தின்னுருச்சு!"

"பாத்தீகளா?" என்பார் டீச்சர். "தமிழ்ல சொல்லு தன் வேலையைத் தானே தூக்கிக்கிட்டு நடக்கும். எங்க நின்னாலும் அது அதுதான். இங்கிலீசுல அப்பிடி இல்ல. நிக்கிற எடத்துக்குத்தான் மருவாதி. எடம் மாறுனா தின்னவன் தீனியாப் போயிருவான்."

சும்மா சொல்லக் கூடாது, பத்து வயசுப் பிள்ளைக்கு இதை இவ்வளவு தெளிவாகச் சொல்லிக்கொடுக்க அந்த ஒன்றியத்தில் வேறு ஆள் கிடையாது. ஆனால் கூத்தைப் பாருங்கள். சாத்தமுத்துப்பட்டியில் வீட்டுக்கு வீடு பேசுவது தமிழ். நடப்பது மட்டும் முழுக்க முழுக்க அந்த இங்கிலீஷ் இலக்கணப்படி. எவன் எங்கே நிற்கிறான் என்பதில்தான் அங்கே எல்லாமே இருக்கிறது. ஒரு காதுகுத்துக்குப் பத்திரிகை அடிப்பதென்றால், பிள்ளைக்குக் காது வலிப்பதற்கு ஒரு மாதம் முன்பே வீட்டாருக்குத் தலை வலிக்க ஆரம்பித்துவிடும். எந்த மாமன் பேர் மேலே, எந்தச் சித்தப்பன் பேர் அடுத்தது என்று பஞ்சாயத்து நடக்கும். பேர் ஒரு வரி கீழே இறங்கிவிட்டால் அந்த ஆள் விசேஷத்துக்கு வர மாட்டார். வந்தாலும் கை நனைக்காமல் போய்விடுவார்.

பள்ளிக்கூட ஆண்டு விழாப் பத்திரிகை மட்டும் தப்பிக்குமா? அதற்கு மூன்று பேர் இருந்தார்கள். ஜெயக்கொடி, முன்னாள் ஊராட்சித் தலைவர். பதவி போய் வருசம் ஏழாகிறது, வாசலில் போர்டு மட்டும் போகவில்லை. பேச்சிமுத்து, கோயில் கமிட்டிக்காரர். சோலை, தேங்காய் வியாபாரி. விழாவுக்குப் பந்தலும் மைக்செட்டும் அவர் உபயம். இந்த மூன்று பேரையும் எப்படி அடுக்கினாலும் ஒருத்தர் முதலில் வருவார், மற்ற இரண்டு பேர் கோபித்துக்கொள்வார்கள். போன வருசம் சோலை பேர் மூன்றாவதாக வந்தது. விழாவன்று பந்தல் வந்தது, மைக்செட்டுக்கு வயர் வரவில்லை.

இந்தத் தலைவலிப் பத்திரிகையை எழுதுகிற வேலை வருசா வருசம் செல்லக்கிளி டீச்சரிடம்தான் வந்து சேரும். "சொல்லை வரிசை போடுறது நம்ம டீச்சருக்குத் தண்ணி பட்ட பாடு" என்று தலைமையாசிரியர் செல்வக்குமார் நைசாகத் தள்ளிவிடுவார். மனுசர் நல்லவர்தான், ஆனால் பெரிய மனிதர்கள் எது சொன்னாலும் "அதுவும் சரிதான்" என்பதைத் தவிர வேறு வார்த்தை அவருக்கு வராது. டீச்சர் எழுதுவார். புரூஃப் பார்ப்பார். ஒரு ஒற்று விட்டுப்போனாலும் சிவப்புப் பேனா சும்மா விடாது. இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்த பத்தொன்பது வருசத்தில் பத்தொன்பது பத்திரிகை எழுதியிருக்கிறார். ஒன்றில்கூட அவர் பேர் கிடையாது. கடைசியில் 'மற்றும் ஆசிரியப் பெருமக்கள்' என்று ஒரு வரி வரும். அதற்குள் எல்லாரோடும் சேர்ந்து ஒடுங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

பேர் வராததை அவர் அப்படியே விட்டிருப்பார். அவருடைய அம்மா விடவில்லை. அம்மா இருளாயிக்கு எழுத்துத் தெரியாது. இதே சாத்தமுத்துப்பட்டி வயல்களில் நாற்று நட்டு, களை பறித்துத்தான் மகளை டீச்சர் டிரெயினிங் வரை கொண்டுவந்தவர். அந்தக் காலத்தில் கூலி நெல்லை உயரத்தில் இருந்து மடியில் கொட்டுவார்கள். கை கையில் பட்டுவிடக் கூடாதாம். அதை ஒரு குறையாக இருளாயி சொன்னதே இல்லை. ஆனால் மகள் அதே ஊருக்கு டீச்சராகப் போனதும், முதல் பத்திரிகையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, "இதுல ஒம் பேரு எங்கிட்டு இருக்கு தாயி?" என்று கேட்டார். மகள் இல்லையென்று உண்மையைச் சொன்னார். அடுத்த வருசமும் கேட்டார், அடுத்த வருசமும் உண்மை. மூன்றாம் வருசம் அம்மாவின் விரலைப் பிடித்து, 'மற்றும்' என்ற சொல்லின் மேல் வைத்து, "இந்தா, இங்க" என்றுவிட்டார். இருளாயி அந்த 'மற்றும்' மேல் விரலை ஓட்டி ஓட்டிப் பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரிக்கும் காட்டினார். நல்லவேளை, அவளுக்கும் எழுத்துத் தெரியாது.

அதற்குப் பிறகு வருசா வருசம் அதே பொய். இரண்டு வருசத்துக்கு முன்னால் இருளாயி கண்ணை மூடினார், மகள் பேர் 'மற்றும்' என்று நம்பிக்கொண்டே. நினைத்தால் வயிறு எரியும். டீச்சருக்கு எரிந்தது.

இந்த வருசம் மே மாதம் அவருக்கு ஓய்வு. அதாவது இதுதான் கடைசிப் பத்திரிகை. மாசி பிறந்ததும் தலைமையாசிரியர் அறைக்குப் போய், முப்பத்தோரு வருசத்தில் தனக்கென்று எதுவும் கேட்டிராத டீச்சர் வாயைத் திறந்து கேட்டார்.

"சார், இந்த வருசம் நன்றியுரை நான் சொல்றேன். பத்திரிகையில பேரு போட்டுக்கிறவா?"

"அதுக்கென்ன டீச்சர், தாராளமா! கடைசி வரிதானே? கடைசி வரிக்கு எவன் சண்டைக்கு வரப் போறான்?" என்றார் செல்வக்குமார்.

சாயங்காலம் வீட்டில் சொன்னார். கணவர் பீமாராவ் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், பேச்சில் இன்னும் டிக்கெட் கிழிப்பவர். "நன்றியுரையா? எல்லாரும் எறங்குனதுக்கு அப்புறம் டிக்கெட் குடுக்கிற வேலைல்ல அது? மைக்ல நீ வணக்கம்னு சொல்றப்பவே பாதிச் சனம் செருப்பைத் தேட ஆரம்பிச்சிரும்."

"தேடட்டும். பேரு பத்திரிகையில நிக்கும்ல?"

பீமாராவ் சரியென்று தலையாட்டினார். மாமியார் கதை அவருக்கும் தெரியும்.

வரிசையைப் பேசி முடிக்க ஒரு புதன்கிழமை மூன்று பெரிய மனிதர்களும் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். தலைமையாசிரியர் அறையில் நாற்காலி இரண்டுதான். மூன்று பேருக்கு இரண்டு நாற்காலி போட்டால் என்ன ஆகும் என்று செல்வக்குமாருக்குத் தெரியாதா? எல்லாரையும் ஐந்தாம் வகுப்புக்கு அழைத்துக்கொண்டு போய்ச் சின்னப் பெஞ்சில் சமமாக உட்கார வைத்துவிட்டார். முழங்கால் நெஞ்சில் முட்ட, மூன்று வெள்ளை வேட்டிகளும் மடங்கி உட்கார்ந்திருந்தன. டீச்சர் மூன்று பேரையும் மூன்று அட்டையில் எழுதி மேசையில் வைத்தார்.

"பிள்ளைகளுக்கு வைக்கிற விளையாட்டுத்தான். ஒருத்தர் ஒரு தடவை அட்டையை மாத்தலாம். மாத்துனதும் எல்லாரும் சேந்து சத்தமா வாசிக்கணும். யாரும் யாரையும் தள்ளக் கூடாது."

ஆரம்பத்தில் சிரித்துக்கொண்டேதான் தொடங்கினார்கள். ஜெயக்கொடி தன் அட்டையை முன்னால் நகர்த்தினார். வாசித்தார்கள். பேச்சிமுத்து, "சாமி காரியம் பாக்குறவன் பேரு பின்னால கெடந்தா ஊருக்கு ஆகாதுண்ணே" என்று தன்னுடையதை எடுத்து முன்னால் வைத்தார். வாசித்தார்கள். சோலை அட்டையை வைத்துவிட்டு, "மைக்செட்டு" என்று மட்டும் சொன்னார். இப்படியே முக்கால் மணி நேரம் ஓடியது. ஜன்னல் கம்பிக்கு வெளியே ஐந்தாம் வகுப்பு முழுசும் தொங்கிக்கொண்டு நின்றது. தங்களுக்குத் தெரிந்த விளையாட்டைப் பெரியவர்கள் இம்புட்டு மட்டமாக ஆடுவதைப் பார்த்து அதுகளுக்குப் பொறுக்கவில்லை. "தட்டுங்க டீச்சர், தட்டுங்க!" என்று கத்தின.

வரிசை முடியாமல் போகவே, பேச்சு எழுத்தின் அளவுக்குப் போனது. இரண்டாவதாக வருபவர் பேரைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடுவது, மூன்றாவதாக வருபவருக்கு அதைவிடப் பெரிதாகப் போடுவது. போட்டுப் பார்த்தால் மூன்று பேர்களே பத்திரிகையை அடைத்துக்கொண்டன. இடம் வேண்டும். ஜெயக்கொடியின் கண் மேலிருந்து கீழே இறங்கி, கடைசி வரியில் வந்து நின்றது.

"ஏன் டீச்சர், நன்றி சொல்றதுக்குப் பேரு எதுக்கு? 'நன்றியுரை'ன்னு மட்டும் போட்டா பத்தாதா? அன்னைக்கு யாரு இருக்காகளோ அவுக சொல்லிட்டுப் போறாக."

"அதுவும் சரிதான்" என்றார் செல்வக்குமார்.

டீச்சருக்குச் சுருக்கென்று தைத்தது. இது ஒரு வரி. ஒரே ஒரு வரி. அதுவும் கடைசி வரி. அதையும் பிடுங்குகிறார்களே என்று மூக்கு நுனி வரைக்கும் அழுகை வந்துவிட்டது. ஆனால் கோபமோ அழுகையோ வந்தால் அவருக்குக் கத்த வராது, கை தானாகச் சாக்பீஸை எடுக்கும். எடுத்தார். குனிந்து தரையில் பெரிய வட்டம் ஒன்று போட்டார். வகுப்பில் எவன் முதலில் நிற்பது என்று பிள்ளைகள் அடித்துக்கொண்டால் அவர் செய்வது அதுதான். வட்டமாக நிறுத்திவிடுவார். மூன்று அட்டைகளையும் வட்டத்தின் மேல் சுற்றி வைத்தார்.

"இந்தாங்க. முதலும் கிடையாது, கடைசியும் கிடையாது."

மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். அப்புறம் பேச்சிமுத்து, "கடியாரத்துல பன்னெண்டு எங்கிட்டு இருக்கும்? அந்த எடத்துல யாரு?" என்றார்.

போச்சா! டீச்சருக்குப் பொறுமை அறுந்துவிட்டது. "அப்பப் பத்திரிகையையே வட்டமா வெட்டிருங்கண்ணே. எந்தப் பக்கம் பிடிக்கிறீகளோ அந்தப் பக்கந்தான் மேல. அவுகவுக பேரை அவுகவுக மேல வச்சுப் பிடிச்சுக்கங்க."

கிண்டலாகத்தான் சொன்னார். அது கிண்டல் என்று அங்கே ஒருத்தருக்கும் படவில்லை. ஜெயக்கொடி தொடையில் தட்டினார். "அடேயப்பா! டீச்சர்னா டீச்சர்தான்யா!" சோலை வாய்விட்டுச் சிரித்தார். "மைக்செட்டு ரெடி" என்றார். பள்ளிக்கூடப் பேரை நேராகப் போட்டால் மேல் கீழ் வந்துவிடும் என்பதால் அதையும் வட்டமாகச் சுற்றிவிடுவது என்று முடிவானது. தேதி, நேரம், நிகழ்ச்சி நிரல் எல்லாம் பின்பக்கம். எழுந்து வேட்டியை உதறிக் கட்டும்போது ஜெயக்கொடிக்கு மனசு இளகிவிட்டது போல.

"டீச்சர், அந்த நன்றியுரையையும் பின்னாடி போட்டுக்கங்க. பேரோடயே போட்டுக்கங்க. பின்னாடி எவன் பாக்கப் போறான்?"

சனிக்கிழமை டீச்சர் மேலமாசி வீதிப் பக்கம் ஒரு சந்தில் இருக்கிற அச்சகத்துக்குப் போனார். கம்ப்யூட்டரில் பக்கம் போடுகிற அன்னக்கொடி பதினைந்து வருசமாகக் கல்யாணமும் காதுகுத்தும் பூப்புனித நீராட்டும் அடித்துத் தள்ளுகிற பெண். வட்டத்தைப் பார்த்து, "இதென்ன டீச்சர், சாம்பிராணித் தட்டுக்கு ஸ்டிக்கரா?" என்றாள். முன்பக்கத்தைச் சுற்றிச் சுற்றிப் போட்டு முடித்தாள். பின்பக்கத்துக்கு வந்தாள். தேதி, நேரம், இடம், நாலு வரி நிகழ்ச்சி, கடைசியில் நன்றியுரை. அதற்குக் கீழே பாதி வட்டம் காலியாகக் கிடந்தது.

"மொட்டையா இருக்கே டீச்சர். பேரைப் பெருசாப் போடவா?"

டீச்சர் மின்விசிறியைப் பார்த்தார். "எடம் இருக்குல்ல?" என்றார்.

"எம்புட்டு வேணும்னாலும் இருக்கு."

"அப்பப் போடு. இனிஷியல் மட்டும் 'இ'ன்னு போடு தாயி. இருளாயி. எங்கம்மா பேரு."

அன்னக்கொடி புரூஃபை எடுத்துக் கையில் கொடுத்தாள். பேர் கட்டைவிரல் தடிமனில் கருகருவென்று நின்றது. அதற்குத் தலைக்கு மேல், கேட்காமலே, 'அனைவரும் வருக வருக என அன்புடன் அழைக்கும்' என்று ஒரு வரியையும் சேர்த்திருந்தாள். நன்றியுரை என்ற சொல் மேலே எங்கோ பொடி எழுத்தில் ஒதுங்கிக்கொண்டது. அவளைச் சொல்லிக் குற்றமில்லை, பத்திரிகை என்றால் கீழே அந்த வரி இருந்தே தீரும் என்று அவள் கை பழகிவிட்டது. டீச்சர் சிவப்புப் பேனாவைத் திறந்தார். அழைப்பது பள்ளிக்கூடம், தான் அல்ல, இந்த வரியை அடிக்க வேண்டும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். பேனா அந்த வரிக்கு மேலே வந்து நின்றது. நின்றுகொண்டே இருந்தது. அப்புறம் முன்பக்கம் போய் எங்கோ ஒரு 'ச்' விட்டுப்போனதைத் திருத்திவிட்டு மூடிக்கொண்டது. முப்பத்தோரு வருச உத்தியோகத்தில் செல்லக்கிளி டீச்சர் செய்த ஒரே களவு அதுதான்.

பத்திரிகை ஊருக்குள் போனது. மூன்று பெரிய மனிதர்களுக்கும் பரம சந்தோஷம். மூன்று வீட்டிலும் வாசல் நிலைக்கு மேலே ஆணியடித்து, அவரவர் பேர் உச்சியில் வரும்படி மாட்டிக்கொண்டார்கள். மற்றவர்கள் பாடுதான் திண்டாட்டம். பத்திரிகையை லாரி ஸ்டியரிங் மாதிரித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். ஒரு பேரைப் படித்து முடிப்பதற்குள் அடுத்த பேர் தலைகீழாகப் போனது. டீக்கடையில் ஒருத்தர் பத்திரிகையைத் திருப்புவதை விட்டுவிட்டுத் தன் தலையைத் திருப்பிப் பார்த்துக் கழுத்துப் பிடித்துக்கொண்டார். கடைசியில் எல்லாரும் செய்தது ஒன்றுதான். பின்பக்கம் திருப்பினார்கள். அங்கே எல்லாம் நேராக இருந்தது. அன்புடன் அழைக்கும், திருமதி இ. செல்லக்கிளி.

"டீச்சர் வீட்ல என்ன விசேஷம்?" என்று பெண்கள் கேட்டுக்கொண்டார்கள். "விசேஷம் பள்ளிக்கூடத்துலதான். டீச்சர் வைக்கிறாக. ரிட்டேர் ஆகுறாகள்ல, ஊரைக் கூப்பிட்டிருக்காக" என்று அவர்களே பதிலும் சொல்லிக்கொண்டார்கள். டீச்சர் காதுக்கு இது எதுவும் வரவில்லை.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். தாய்மாமன் வீட்டுச் சீர் மாதிரி, ஆண்டு விழாவுக்கு ஊரார் பள்ளிக்கூடத்துக்குக் கல்விச் சீர் கொண்டுவருவார்கள். நோட்டு, பேனா, சுவர்க் கடிகாரம், மின்விசிறி என்று ஆளுக்கொரு தட்டு, முன்னால் மேளம். ஒவ்வொரு வருசமும் பெரிய மனிதர்கள் வாசலில் நின்று தட்டை வாங்கிப் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். அதிலும் யார் முதல் தட்டை வாங்குவது என்று முட்டிக்கொள்வது உண்டு. இந்த வருசம் மூன்று பேரும் சமாதானமாக ஆறு கையாலும் சேர்ந்து வாங்குவதாகப் பேசிவைத்திருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணி. டீச்சர் மேடைக்குப் பின்னால் இருந்தார். அன்றைக்கு அட்டை விளையாட்டு மேடையேறுகிறது. பிள்ளைகளுக்குச் சணல் அறுந்த இடத்தில் ஊக்குக் குத்திக்கொண்டிருந்தார். வாயில் இரண்டு ஊக்கு. வெளியே மேளம் வந்து நின்ற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு கேட்க வேண்டிய கைதட்டல் கேட்கவில்லை. பேச்சுச் சத்தம்தான் கேட்டது.

வாசலில் நடந்தது இது. இருபத்தோரு தட்டு வந்திருந்தது. முதல் தட்டு முத்துத்தாய் கையில். ஜெயக்கொடியின் உடன்பிறந்த அக்கா. ஊரில் எந்த வீட்டு விசேஷத்துக்கும் தட்டு வரிசையில் முதல் ஆள் அந்த அம்மாதான். தம்பியும் மற்ற இரண்டு பேரும் கையை நீட்டினார்கள். முத்துத்தாய் தட்டைக் கொடுக்கவில்லை.

"தள்ளுடா. டீச்சர் எங்க?"

"எங்கிட்டக் குடுக்கா. போட்டோக்காரன் நிக்கிறான் பாரு."

"பத்திரிகை வச்சுக் கூப்பிட்டது யாரு? கூப்பிட்டவுக கையிலதாண்டா தட்டைக் குடுக்கணும். ஒங்கிட்ட எதுக்குக் குடுக்கிறது?"

"என் பேரு முன்பக்கத்துலயே இருக்குக்கா!"

"எங்க இருக்கு? நாலு தடவை சுத்திப் பாத்து எனக்கு மசக்கைக்காரி மாதிரி தலை கிறுகிறுன்னு வந்ததுதான் மிச்சம். பின்னாடி பளிச்சுன்னு ஒரு பேரு இருக்கு, அன்புடன் அழைக்கும்னு. கூப்பிடாத வீட்டுக்குத் தட்டுத் தூக்கிட்டு வாரதுக்கு நாங்க என்ன கேணச்சிகளா?"

பின்னால் இருபது பெண்களும் ஆமாம் போட்டார்கள். தட்டு கனத்தது, வெயில் வேறு. ஜெயக்கொடி தலைமையாசிரியரைப் பார்த்தார். செல்வக்குமார் முத்துத்தாயைப் பார்த்தார். "அதுவும் சரிதான்" என்றார்.

டீச்சரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். விஷயம் புரிந்தது. களவு இவ்வளவு சீக்கிரமாகவா சந்திக்கு வரும்? வாயிலிருந்து ஊக்கை எடுத்துச் சேலையில் குத்திக்கொண்டார். "அம்மா, ஒரு தப்பு நடந்துபோச்சு. அழைக்கும்னு என் பேருல வந்துருக்கக் கூடாது. அச்சகத்துல போட்டுட்டாக. நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் அடிக்காம விட்டேன். கூப்பிட்டது நான் இல்ல, பள்ளிக்கூடம்."

"பள்ளிக்கூடம்னா யாரு? அந்த ஓட்டுக்கூரை வந்து எங்களைக் கூப்பிட்டுச்சா?" என்றார் முத்துத்தாய். "எம் மவனுக்கு எழுத்தறிவிச்சது நீங்க. இவுக பிள்ளைகளுக்கும் நீங்கதான். பாத்துட்டு விட்டீகளா? சரியாத்தான் விட்டுருக்கீக. பிடிங்க டீச்சர், கை கடுக்குது."

டீச்சர் கையெல்லாம் சாக்பீஸ் தூசி. முந்தானையில் துடைத்துவிட்டு, பழக்கம் எங்கே போகும், இரண்டு கையையும் சேர்த்து முந்தானையோடு தாழ்வாக ஏந்தினார். அவருடைய அம்மா களத்துமேட்டில் ஏந்தியது அப்படித்தான். முத்துத்தாய் பார்த்தார். அந்த வயசுக்காரிக்கு அந்த ஏந்தல் தெரியாமல் இருக்குமா? சின்னப் பிள்ளையில் அவரும் களத்துமேட்டில் நின்று பார்த்ததுதானே. தட்டை ஒரு கைக்கு மாற்றி, இன்னொரு கையால் டீச்சரின் கையைப் பிடித்து மேலே தூக்கி, முந்தானையை விலக்கிவிட்டு, உள்ளங்கையில் தட்டை வைத்து, விரல்களை விளிம்போடு சேர்த்து அழுத்தினார்.

"கெட்டியாப் பிடிங்க" என்றார்.

டீச்சர் அழுதுவிட்டார். ஊர் பார்க்கிறதே என்றெல்லாம் அவருக்குத் தோன்றவில்லை. முதல் தட்டை அவர் யாரிடமும் கொடுக்கவில்லை, இடுப்பில் இடுக்கிக்கொண்டார். இரண்டாவது வந்தது, மூன்றாவது வந்தது. வாங்கி வைக்கக் கை போதவில்லை. "அண்ணே, சும்மா நிக்காம வாங்கி உள்ள விடுங்க" என்றார் மூக்கை உறிஞ்சிக்கொண்டே. ஜெயக்கொடி வாங்கிப் பேச்சிமுத்துவிடம் கொடுத்தார், பேச்சிமுத்து சோலையிடம், சோலை வகுப்புக்குள். கடிகாரமும் மின்விசிறியும் கைமாறிக் கைமாறி உள்ளே போயின. அன்றைக்கு அந்த வரிசையில் யார் முன்னால், யார் பின்னால் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. மேடைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த அட்டைப் பிள்ளைகள் மட்டும், "தட்டுங்க டீச்சர்!" என்று ஒரு குரல் கொடுத்தன.

விழா நடந்தது. ஆடு புல்லைத் தின்றது, புல் ஆட்டைத் தின்றது, சனம் சிரித்தது. கடைசியில் டீச்சர் நன்றியுரைக்கு மைக்கைப் பிடித்தார். பீமாராவ் சொன்னது அப்படியே பலித்தது. வணக்கம் என்றதும் பாதிக் கூட்டம் செருப்பைத் தேடியது. அவர் எல்லார் பேரையும் சொல்லி இரண்டு நிமிசத்தில் முடித்துக்கொண்டார்.

பந்தலைப் பிரிக்க ஆள் வந்தபோது அவர் ஐந்தாம் வகுப்புப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், மடியில் அந்த முதல் தட்டு. பீமாராவ் அட்டைப்பையை எடுத்துக்கொண்டு, "போவமா?" என்றார். டீச்சர் தட்டிலிருந்த வட்டப் பத்திரிகையை எடுத்து, பின்பக்கம் திருப்பி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். விரலை 'இ' மேல் வைத்து அப்படியே கடைசி எழுத்து வரைக்கும் ஓட்டினார். மறுபடியும் முதலிலிருந்து ஓட்டினார்.

"யாருகிட்டடி காட்டுற?" என்றார் பீமாராவ்.

டீச்சர் அவருக்குப் பதில் சொல்லவில்லை. விரலை எடுக்கவும் இல்லை. "இந்தா, இங்க" என்றார்.